டேங்குக்கு ஒரு முடிவு, சைடு கவருக்கு ஒரு முடிவு: வண்டிக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே அடிப்பதா, பெயின்டரிடம் கொடுப்பதா?

அப்பாவின் ஸ்பிளெண்டருக்கு ஸ்ப்ரே கேனால் நானே கருப்பு அடித்து முடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் குழாயை எடுக்கும்போது மூடிக்குப் பக்கத்தில் நாலு சொட்டு சிந்தியது. துண்டால் ஒற்றினேன். துண்டில் கருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடியிலிருந்து சீட்டுப் பக்கம் வரை விரலகலத்துக்கு ஒரு தடம். காய்ச்சிய பாலில் ஆடையை விரலால் தள்ளினால் சுருங்குமே, அந்த மாதிரி பெயின்ட் சுருங்கிக் கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பு அது.

அதே நாளில் அதே கேனால் அடித்த சைடு கவர் இரண்டும் நாலு வருடம் ஆகியும் இன்றுவரை பளபளப்பு குறையாமல் இருக்கின்றன. அந்த இரண்டையும் டேங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வண்டி முழுவதற்கும் சேர்த்து ஒரே முடிவு எடுத்ததுதான் நான் செய்த தப்பு. டேங்கில் பெட்ரோல் படும். சைடு கவரில் படாது. எந்தப் பாகத்தில் என்ன படுகிறது என்று பார்த்து, பாகத்துக்குப் பாகம் முடிவெடுத்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், மூன்று ஞாயிறும் மிஞ்சியிருக்கும்.

நம் காவிரி டெல்டாப் பக்கத்து வண்டிகள் படும் பாடு தனி. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வரிசையில் உப்புக் காற்று. உள்ளே மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் வந்தால் உர மூட்டை. பொட்டாஷ் மூட்டையை எக்ஸ்.எல். வண்டியின் கால் வைக்கும் இடத்தில் போட்டு வயலுக்குக் கொண்டுபோகாத வீடு குறைவு. பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தும் ஒரு கைப்பிடி, மழைத்தண்ணீர் பட்டதும் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதனால் இங்கே பெயின்ட் அடிப்பது அழகுக்கு மட்டும் என்று நான் நினைப்பதில்லை. இரும்பு நிலைக்க வேண்டுமே என்ற கவலையும் அதில் உண்டு.

நம் முன்னால் இருக்கும் வழிகள் நாலு. ஒன்று, முழுக்கச் சாதாரண ஸ்ப்ரே கேன். இரண்டு, நிறத்தைக் கேனில் அடித்து, மேலே கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு; அதுவும் இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த டூகே (இரு பொருள்) வகைக் கேன். மூன்று, தேய்ப்பதும் பட்டி பார்ப்பதும் வீட்டில், ஸ்ப்ரே கன் பிடித்து அடிப்பது பெயின்டர். நாலு, வண்டியை அப்படியே கடையில் விட்டுவிட்டு வருவது.

சாதாரண கேன்

ஹார்டுவேர் கடையில் 300 ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும் கேன்களில் பெரும்பாலானவை ஹார்ட்னர் எதுவும் கலக்காமல் தானே காயும் வகை. உள்ளே பெயின்டைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் ஆவியாகிப் போனதும் பெயின்ட் படலம் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். தின்னர் போனதால் காய்ந்தது, தின்னர் மாதிரி ஒன்று மறுபடியும் பட்டால் இளகத்தான் செய்யும். பெட்ரோல் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு மாதம் காயவிட்டாலும், ஒரு வருடம் காயவிட்டாலும் இந்தக் குணம் முழுக்கப் போகாது. மேலே அதே வகை கிளியர் அடித்தாலும் அதுவும் அதே ஜாதிதான். நான் அடித்திருந்தது இரண்டு கேன் கிளியர்; டேங்கைக் காப்பாற்றவில்லை.

ஆனால் கேனை ஒதுக்கிவிட வேண்டாம். சைடு கவர், ஹெட்லைட் டூம், செயின் கவர், கைப்பிடிக் கம்பி, ஸ்டாண்டு, கேரியர் இவற்றுக்கெல்லாம் அது தாராளமாகப் போதும். கம்ப்ரசர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கழுவ வேண்டிய கன் இல்லை. ஒரு பாகத்தைக் கழற்றி, வேப்பமரத்துக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்டு, அரை நாளில் முடித்துவிடலாம்.

கேனில் அடிக்க உகந்த நிறம் கருப்பு, வெள்ளை, சிவப்பு மாதிரி தனி நிறங்கள். சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் நிறங்களில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். கை ஒரு இடத்தில் மெதுவாகவும் இன்னொரு இடத்தில் வேகமாகவும் போனால் துகள் ஒரே சீராகப் படியாது. வெயிலில் நிறுத்தினால் புலிக்கோடு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். முத்து மினுமினுப்பு உள்ள நிறங்களைக் கேனில் பொருத்திக் காட்டுகிறேன் என்று இறங்காதீர்கள்.

பிளாஸ்டிக் பாகத்தைக் கழற்றினால் முதலில் திருப்பி உள்பக்கம் பாருங்கள். அச்சில் ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ சின்ன எழுத்து இருக்கும். ஏ.பி.எஸ். என்றால் தேய்த்துத் துடைத்து அடித்தால் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். பி.பி. என்றால் அது பாலிபுரொப்பிலீன். எதுவும் எளிதில் ஒட்டாத பிளாஸ்டிக். அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும், ஒரு நாள் தோசைக் கல்லிலிருந்து எடுப்பது போல முழுத் தகடாக உரிந்து வரும்.

டூகே கிளியர் கேன்

இந்தக் கேனின் அடியில் ஒரு ஊசி இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே தனி அறையில் அடைத்திருக்கும் ஹார்ட்னர் திறந்து கிளியரோடு கலக்கும். கலந்த பிறகு அது ரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. தின்னர் ஆவியாவதை மட்டும் நம்பி இல்லை. ஒருமுறை இறுகினால் பெட்ரோல் அதை இளக்க முடியாது. கம்பெனி டேங்கில் பெட்ரோல் சிந்தினால் ஒன்றும் ஆவதில்லையே, அந்த உறுதிக்கு வீட்டில் நெருங்கிப்போக இது ஒன்றுதான் வழி. அடியில் சாதாரணக் கேன் கருப்பு இருந்தாலும் பரவாயில்லை, மேலே இந்தக் கவசம் இடைவெளி இல்லாமல் இருந்தால் போதும். மூடியைச் சுற்றியுள்ள விளிம்பில்தான் இடைவெளி விழும். அங்கே கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

குறைகளும் உண்டு. திருவாரூரில் நான் கேட்ட கடைகளில் இல்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். ஒரு கேன் 1100 ரூபாய் ஆயிற்று. ஊசியை அழுத்திய பிறகு ஒன்று இரண்டு நாளைக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிச்சம் கேனுக்குள்ளேயே இறுகிவிடும். ஆகவே தூறல் வரும்போல் இருக்கும் நாளில் ஊசியைத் தொடவே கூடாது.

இன்னொன்றைச் சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமா வரவழைக்கக் கூடியது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். வாசனையை வைத்து அபாயத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. கொரோனா காலத்து என்-95 முகக்கவசம் தூசியை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை இவ்வளவும் இருந்தால், அதுவும் திறந்த வெளியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றால் மட்டும் இந்தக் கேனைத் தொடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ வீசிங் உள்ளவர்களோ இருந்து, திண்ணையைத் தவிர வேறு இடமில்லை என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். மூன்றாவது வழி இருக்கிறது.

தண்ணீரும் காற்றும்

எந்த வழியில் போனாலும் பெயின்ட் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். டெல்டாவில் இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

என் சித்தப்பா மகன் முத்துப்பேட்டையில் தன் வண்டி டேங்கைத் தானே தேய்த்தான். கை சுத்தமான வேலைக்காரன். 180-ஆம் நம்பரில் ஆரம்பித்து 320, 600 என்று வரவர மிருதுவாகும் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு, கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கி, அடித்தான். இரண்டு மாதத்தில் டேங்க் முழுவதும் கடுகு கடுகாகக் கொப்புளம். அவன் வாங்கிய கேன் மட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு கொப்புளத்தைப் பிளேடு முனையால் கீறிப் பார்த்தோம். உள்ளே ஈரம். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான், கரித்தது. அவன் தேய்த்தது போர் தண்ணீரில். அந்த ஊர்ப் போர் தண்ணீர் உப்பு. துடைத்து உலர்த்திய பிறகும் உப்பு மட்டும் பரப்பில் தங்கிவிட்டது. பெயின்ட் படலம் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுத்து இழுத்துச் சேர்த்துக் கொப்புளமாக்கிவிடும். மறுமுறை தேய்ப்பது, கடைசியாகக் கழுவுவது எல்லாம் கொள்ளிடம் குடிநீர்க் குழாயில் பிடித்து வைத்த தண்ணீரில் செய்தான். அதன்பிறகு கொப்புளம் வரவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் கேனுக்குச் செலவு செய்யும் முன் ஒரு குடம் நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பட்டி. ஹார்ட்னர் பேஸ்ட் கலந்து போடும் பாலியெஸ்டர் பட்டிக்குள் நுண்ணிய துளைகள் இருக்கும், தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடிக்கும். அதனால் பட்டியைத் தண்ணீர் தொடாமல் உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். பிரைமர் ஏறிய பிறகு வாட்டர் பேப்பரும் தண்ணீரும். இந்த வரிசையை மாற்றினால் பட்டி குடித்த தண்ணீர் ஒரு வெயில் நாளில் மேலே வரும்.

அடுத்தது மாதம். ஐப்பசி, கார்த்திகையில் கேனைத் தூக்க வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் குளிர்ந்த பரப்பில் பனி மாதிரி நீர் படியும். கருப்பு அடித்தால் சாம்பல் பூத்தாற்போல வெளுத்துப் போகும். கன் பிடிக்கும் பெயின்டர் இதற்கு மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரைக் கொஞ்சம் கலந்து சமாளிப்பார். கேனில் அடைத்தது அடைத்ததுதான், நாம் எதையும் கலக்க முடியாது. ஈரக்காற்று ஊரில் கேனுக்கும் கன்னுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பருவத்தில் இன்னொரு தொல்லை, பூச்சி. சாயங்காலம் லைட் போட்டு வேலை செய்தால் ஈசலும் பச்சைத் தத்துப்பூச்சியும் ஈரப் பெயின்டில் வந்து ஒட்டும். இடுக்கியால் எடுத்தாலும் கால் தடம் நிற்கும்.

மார்கழியில் காலைப் பனி விலகிப் பத்து மணிக்கு மேல் அடிக்கலாம், நாலு மணிக்குள் வண்டிப் பாகங்களை உள்ளே எடுத்துவிட வேண்டும். தையில் ஈரம் குறைகிறது, ஆனால் சம்பா அறுவடை. மெஷின் இறங்கிய வயல் பக்கத்தில் இருந்தால் வைக்கோல் தூசி ஒரு வாரம் காற்றில் நிற்கும். சித்திரை, வைகாசி வெயிலில் டேங்கில் கை வைக்க முடியாது. கேனிலிருந்து கிளம்பிய பெயின்ட் பரப்பில் சேருவதற்குள் பாதி காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக உட்காரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பெயின்ட் எங்கே நிற்கும்? மாசியும் பங்குனியும்தான் நமக்கு வாய்த்த மாதங்கள். காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை, முற்றத்தில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடித்தால், வேறு எந்த மாதத்திலும் வராத பூச்சு வரும்.

பாதி நாம், பாதி பெயின்டர்

சுருங்கிப்போன டேங்கைத் தூக்கிக்கொண்டு நான் போனது ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்கு. முப்பது வருடமாகக் கன் பிடிப்பவர்.

"அண்ணே, டேங்க் மட்டும் அடிச்சுத் தருவீங்களா? பட்டி, பிரைமர் எல்லாம் நானே பார்த்துடறேன்."

"நீ பார்த்த பட்டி மேல நான் அடிச்சு, நாளைக்கு அது வெடிச்சா கெடுறது என் பேரு தம்பி."

அவர் சொன்னது நியாயம். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பழைய பெயின்டை உரித்து, துருவை எடுத்து, பட்டி போட்டுத் தேய்த்து நான் கொண்டுபோவது, அவர் பார்த்துச் சம்மதித்தால் தன் பிரைமரை அடித்துக் கொடுப்பது, நான் வீட்டுக்குக் கொண்டுவந்து 600-இல் தண்ணீர் விட்டுத் தேய்த்து மறுபடி கொண்டுபோவது, அவர் பி.யு. (பாலியூரித்தேன், ஹார்ட்னர் கலந்து இறுகும் வகை) கருப்பும் கிளியரும் அடிப்பது. இரண்டு தடவை அலைச்சல்தான்.

முதல் தடவை அவர் என் டேங்கைத் திருப்பி அனுப்பினார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் கொட்டகை சரிந்து விழுந்த பள்ளம் அந்த டேங்கின் இடப்பக்கம் இருந்தது. பட்டி போட்டு நிரப்பி, கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை டேங்க் மேல் விரித்து, துண்டின் மேல் உள்ளங்கையை வைத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டே மெதுவாக இழுத்தார். "இங்க ஒரு அலை இருக்கு" என்றார். என் கையையும் அதே மாதிரி வைத்து இழுக்கச் சொன்னார். வெறும் கையில் தெரியாத ஏற்ற இறக்கம் துணிக்கு மேல் வைத்தால் தெரிகிறது. தோல் பரப்பில் ஒட்டாமல் வழுக்குவதால், மேடு பள்ளம் மட்டும் கைக்கு எட்டுகிறது போலும். பளபளப்பு ஏறினால் அந்த அலைதான் முதலில் கண்ணில் படும் என்றார். பள்ளம் ஆழமாக இருந்தால் முதலில் தகரத்தை இழுத்து நிமிர்த்திய பிறகுதான் பட்டி என்பதும், கனமாக அப்பிய பட்டி வண்டி அதிர்வில் வெடிக்கும் என்பதும் அன்றைக்கு அவர் சொல்லித் தெரிந்தவை.

வீட்டில் தேய்க்கும்போது இன்னொரு வேலையும் செய்யச் சொன்னார். பிரைமர் காய்ந்ததும் அதன் மேல் கருப்புக் கேனைத் தூரத்தில் பிடித்துப் புகை மாதிரி லேசாகத் தூவ வேண்டும். பிறகு மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் மேடுகளில் கருப்பு போய்விடும், பள்ளத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். கருப்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் வேலை பாக்கி. கேனால் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுவாகவே இருக்கலாம்.

இந்த மூன்றாவது வழியில்தான் என் மனம் நிற்கிறது. பெயின்டருக்கு நேரம் போவது தேய்ப்பதில். கன் பிடிப்பது அரை மணி நேரம். நமக்குக் கிடைக்காதது கம்ப்ரசரும் கைப்பழக்கமும், கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. அதையும் இதையும் மாற்றிக்கொள்கிறோம். வேலை முடிந்த அன்று அவர் முகத்தில் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு டூகே கிளியர் அடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த முறை போகும்போது கார்ட்ரிட்ஜ் முகக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நீங்களும் இந்த வழியில் போனால், மிச்சமாகும் பணத்தில் இதற்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். நம் டேங்க் பளபளக்க அவர் நுரையீரல் போகக் கூடாது.

கடையில் விட்டுவிடுவது

நேரமே இல்லாதவர்களுக்கும், வண்டி முழுக்க ஒரே நிறத்தில் மெட்டாலிக் வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் சரி. விலை பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: என்.சி. அடிப்பீர்களா, பி.யு. அடிப்பீர்களா? என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ், கன்னில் அடித்தாலும் அது நம் சாதாரணக் கேன் போலத் தின்னர் போய்க் காய்வதுதான், பெட்ரோலுக்கு இளகும். மலிவாகச் சொல்லும் கடை எதை அடிக்கிறது என்று தெரியாமல் மலிவென்று சொல்ல முடியாது. காய்ந்த பெயின்டைச் சோதிக்கவும் வழியுண்டு. மறைவான ஒரு மூலையில், பஞ்சில் தின்னர் தொட்டுத் தேய்த்தால் பஞ்சில் நிறம் ஏறினால் என்.சி.; ஏறாவிட்டால் பி.யு. அல்லது கம்பெனி பெயின்ட். வீட்டில் புதுக் கோட் அடிக்கும் முன்னும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இளகும் பெயின்ட் மேல் புதிதாக அடித்தால் கீழே உள்ளது சுருண்டு எழும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய மாதம் எந்தப் பட்டறையிலும் கொடுக்காதீர்கள். எல்லா வண்டியும் அப்போதுதான் வரும், பிரைமர் காய நேரம் கொடுக்க மாட்டார்கள்.

பவுடர் கோட்டிங் பற்றியும் கேட்கிறார்கள். திருச்சி பக்கம் போனால் செய்து தருவார்கள். 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வைத்து உருக்கிப் பூசுவது, சேஸிஸுக்கும் ஸ்டாண்டுக்கும் கேரியருக்கும் அதைவிட உறுதியானது இல்லை. பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. பட்டி போட்ட டேங்கும் தாங்காது. ஸ்டிக்கர் சுற்றுவது வளைவு அதிகமுள்ள டேங்கில் ஓரம் ஓரமாக எழும்பும். அடியில் துரு இருந்தால் அது மறைந்திருந்து வளரும்.

தொடங்கும் முன்

டேங்கைக் கழற்றி வெயிலில் கவிழ்த்து அடிப்பக்கத் தையலைப் பாருங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம்; டேங்குக்குள் சேரும் ஈரம் அடியில் போய் நிற்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது, அது ஈரத்தை இன்னும் இழுக்கும். அதனால் துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. தையலில் பெயின்ட் பொருமி, நகத்தால் அழுத்தினால் பொடிந்தால், அந்த டேங்குக்கு எந்தப் பெயின்டும் உதவாது. வேறு டேங்க் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கும், கேனில் அழுத்தும் வாயுவும் தீப்பிடிப்பதுதான். பீடி, அடுப்பு, சாமி விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. காலிக் கேனையும் வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

நிறம் மாற்ற நினைப்பவர்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள், அதில் நிறம் எழுதியிருக்கும். அதே நிறம் திரும்ப அடித்தால் பேச்சில்லை. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவையும் மாற்ற வேண்டும். புல்லட் வைத்திருக்கும் தம்பிகளுக்கு மிலிட்டரி பச்சை மேல் ஆசை உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதிப்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் அடிக்கக் கூடாது.

எனக்கு ஆன கணக்கு

முதல் முயற்சியில் டேங்குக்கும் சைடு கவர்களுக்கும் பிரைமர் ஒன்று, கருப்பு மூன்று, கிளியர் இரண்டு, ஆறு கேன் 1800 ரூபாய். உப்புத்தாள், பட்டி, மாஸ்கிங் டேப் 450. மொத்தம் 2250. டேங்கைப் பொறுத்தவரை அது வீண். பெயின்டரோடு பாதிப் பாதி செய்தபோது டேங்குக்கு மட்டும் அவர் பொருளோடு சேர்த்து 2200 வாங்கினார், என் பக்கம் 400 செலவு. வண்டி முழுக்கக் கடையிலேயே விட்டால் 5500 என்று சொல்லியிருந்தார். பிறகு தம்பியின் வண்டி டேங்குக்கு டூகே கேன் வழியில் போனோம்: பிரைமர், கருப்பு இரண்டு, டூகே கிளியர் ஒன்று, 2000 ரூபாய், தேய்க்கும் சாமான் 400, முகக்கவசம் 1500. முகக்கவசம் அடுத்த முறைக்கும் இருக்கிறது என்பதால் இரண்டாவது டேங்கிலிருந்துதான் அந்த வழி லாபம். எந்தக் கிளியராக இருந்தாலும், அடித்து ஒரு வாரம் பெட்ரோல் படவிடாமல் வைத்தோம்.

ஆக, கடலோரத்தில் இருந்துகொண்டு, வண்டி கருப்பு, கையில் இரண்டு மூன்று ஞாயிறு உண்டு என்றால்: பிளாஸ்டிக்கும் சின்ன இரும்பும் கேனில், டேங்க் பெயின்டரோடு பாதிப் பாதி. திறந்த வெளியும் முகக்கவசமும் இருந்து, இரண்டு மூன்று வண்டி உள்ள கூட்டுக் குடும்பம் என்றால் டூகே கேன். மெட்டாலிக் என்றால் யோசிக்காமல் கடை. டேங்க் பெயின்ட் உரியாமல் மங்கல் மட்டும் என்றால் பெயின்டே வேண்டாம். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல இழுத்து, ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகேற்றும் பசை போட்டுத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பாதி வண்டிகளுக்கு அதிலேயே முகம் வந்துவிடும். மேலே உள்ள கிளியர் பூச்சு மெல்லியதாக இருக்கும், ஓரங்களில் அழுத்தக் கூடாது.

எங்கள் வீட்டு எக்ஸ்.எல். முறை இந்தப் பங்குனியில் வருகிறது. டேங்க் நன்றாகத்தான் இருக்கிறது, காம்பவுண்ட் போட்டால் போதும். பொட்டாஷ் தின்ற கால்தட்டையும் கேரியரையும் கழற்றி வைத்துவிட்டேன். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டியாயிற்று, கொள்ளிடம் தண்ணீர் இரண்டு குடம் மூடி வைத்திருக்கிறது. பிரைமர் ஒன்று, கருப்பு இரண்டு, எல்லாம் சாதாரணக் கேன்தான்.